நிறுத்தாமல் வாசியுங்கோ

அந்த அக்காவின் வீட்டில் புத்தகம் வாசிக்கச் சேருவதற்குப் படிப்பும் தேவையில்லை, ரசனையும் தேவையில்லை. குரல் இருந்தால் போதும். வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் அவருக்கு நான்காம் மாடி, எங்களுக்கு இரண்டாம் மாடி. ஒரு நாள் லிப்ற்றுக்குள் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீர் தானே காலமை மீன்காரனோடை விலை பேசினது? நாலாம் மாடி வரைக்கும் கேட்டது" என்றார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். "நல்ல குரல். சனிக்கிழமையிலை கொஞ்சப் பேர் சேர்ந்து வாசிக்கப் போறம். நீரும் வாரும்" என்றார்.

போனேன். ஒரு நாவலைக் கையில் தந்து வாசித்துக் காட்டச் சொன்னார். அரைப் பக்கம் முடிவதற்குள் "காணும், நீர் சரி" என்று எழுந்துவிட்டார். எங்கள் மாடியில் வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கிற விரிவுரையாளர் ஒருவரும் இருந்தார். அவரும் ஆசையாக மேலே போயிருக்கிறார். பாவம், தனக்குத்தானே இரகசியம் சொல்கிற மாதிரிக் கதைக்கிற மனிதர். "உங்களுக்கு இது சரிவராது சேர்" என்று அக்கா வாசலோடு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு லிப்ற்றில் எங்களைக் கண்டால் அந்த மனிதர் இலக்கங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

கடைசியில் தேறியவர்கள் நாங்கள் நால்வர். வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்ற அன்ரி ஒருவர். ஓய்வு பெற்றதை அவருடைய குரல் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஒழுங்கையிலிருந்து பஸீலா, அக்காவை லாத்தா என்று கூப்பிடுவாள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருகிற ஸ்டெல்லா, கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசைக்காரி. பிறகு நான்.

எனக்கும் இலக்கியத்துக்கும் பெரிய உறவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் மாமி, மாமா, கணவர், இரண்டு பிள்ளைகள். பாண் வாங்கக் கீழே இறங்கினாலும் திரும்பி வரும்போது "என்ன, இவ்வளவு நேரம்?" என்று ஒரு குரல் கதவடியில் நிற்கும். வாசிப்பு என்றால் மட்டும் மாமியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கெட்ட காரியம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வீட்டு வேலை என்று என்னைப் பிடித்து வைக்கவும் வழி தெரியவில்லை. சனிக்கிழமை பின்னேரம் நான் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறிப் போவேன். அது எனக்கு விடுதலை. உள்ளே போனதும் அக்கா கிறில் கதவை இழுத்து, ஆமைப்பூட்டைப் போட்டுப் பூட்டுவார்.

பூட்டுவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் கணவருக்கு, நாங்கள் அண்ணை என்போம், ஞாபகம் அழிந்துகொண்டிருந்தது. அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தவர். எந்த நேரமும் சேட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "நேரமாச்சு, வெளிக்கிடுவம்" என்று கதவடிக்கு வந்துவிடுவார். ஒருமுறை கதவு திறந்திருந்த நேரம் இறங்கிப் போய், கடற்கரை ரயில் பாதையில் நடந்துகொண்டிருந்தவரை யாரோ பிடித்து வந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தும் பார்த்தார்கள். வந்தவர்களைக் கள்ளர் என்று சொல்லி அவர் தடியைத் தூக்க, ஒருவரும் நிலைக்கவில்லை. மகள் கனடாவில். அக்காவின் தங்கச்சி ஒருவர் பாமன்கடையில் இருந்து அப்பிளும் தோடம்பழமும் கொண்டு வந்து, அரை மணித்தியாலம் கவலைப்பட்டுவிட்டுப் போவார். மிச்சம் முழுவதும் அக்காதான்.

முதல் நாளே சட்டங்களைச் சொல்லிவிட்டார். கைத்தொலைபேசிகளைச் சத்தம் குறைத்து ஒரு தட்டத்தில் போட்டு குசினி ஃபிரிட்ஜின் மேல் வைக்க வேண்டும். மூன்று மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணி வரைக்கும் வாசிப்பு நிற்கக் கூடாது. ஒருவர் களைத்தால் அடுத்தவர் அந்த வரியிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். கதையைப் பற்றிய கதையெல்லாம் தேத்தண்ணிக்குப் பிறகு.

"இடையிலை நிப்பாட்டினா ருசி கெட்டுப் போம். நிறுத்தாமல் வாசியுங்கோ. நான் உள்ளுக்கை நிண்டு கேக்கிறன்" என்பார்.

மனேஜர் அன்ரிக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "இதுதான் டிசிப்ளின். மற்ற இடங்களிலை வாசிப்பு வட்டம் எண்டு பேர் வைச்சிட்டு, வடையைத் திண்டு ஊர்க்கதை தான் கதைக்கிறது" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வீட்டு முன்னறை சின்னது. மேசை, நாலு கதிரை, ஜன்னலோடு அண்ணையின் சாய்மனைக் கதிரை. காற்று வருவது அந்த ஒரு ஜன்னலால். அதையும் பாதி மறைத்துப் பக்கத்துக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வாசித்து வாசித்துத் தொண்டை வறளும், முதுகு நனையும். யாரும் எழும்ப மாட்டோம். ஒரு கிணற்று வழக்கில் மூன்று தலைமுறை அழிந்துபோகிற கதை அது. நாவல் முழுக்க ஆட்கள். மரகதம் என்கிற மருமகள்தான் அதன் உயிர். ஆச்சரியம் என்னவென்றால், வெளிக்கிடுவம் வெளிக்கிடுவம் என்று நிற்கிற அண்ணை எங்கள் சத்தம் தொடங்கியதும் கதிரையில் சாய்ந்து, கையைக் கோத்துக்கொண்டு அசையாமல் இருப்பார். "பாத்தீங்களோ இலக்கியத்தின்ரை சக்தியை" என்று மனேஜர் அன்ரி ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார்.

குசினியில் ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருக்கும். ஐந்து மணிக்கு அக்கா தேத்தண்ணித் தட்டோடு வருவார். நெற்றியெல்லாம் வியர்வை, கொண்டை கொஞ்சம் கலைந்திருக்கும். அடுப்படியில் நின்ற களை என்று எங்களுக்கு இரக்கமாக இருக்கும். தட்டில் ரோல்ஸ், இல்லாவிட்டால் பற்றிஸ், கை பொறுக்காத சூடு.

"எப்பிடி அக்கா மாவு குழைக்கிறீங்க? எனக்கு எப்பவும் வெடிச்சுப் போகுது" என்று ஸ்டெல்லா ஒருநாள் கேட்டாள்.

"எல்லாம் கைப்பழக்கம் தான்" என்றார் அக்கா.

பிறகு நாங்கள் கதையை அலசுவோம். மரகதம் செய்தது சரியா, பிழையா என்று சண்டையே வரும். அக்கா சிரித்துக்கொண்டு, "ஓம் ஓம், மனுசர் அப்பிடித்தான்" என்பார். எந்த அத்தியாயத்துக்கும் அது பொருந்தியது. மற்றப்படி எங்களை விடுவதற்கு அவருக்கு மனமே வராது. "இருங்கோ, இன்னொரு தேத்தண்ணி", "இருங்கோ, மழை வரப்போகுது" என்று சாவியை எடுக்காமல் நிற்பார். ஆட்களை இருத்தி வைப்பதில் அப்படி ஒரு கெட்டிக்காரியை நான் கண்டதில்லை. பஸீலா படியிறங்கும்போது சொல்லுவாள்: "இவக்கு எங்கள விடவே ஏலாது. தனிம, பாவம்."

ஏழெட்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு சனிக்கிழமை பஸீலாவின் மகளுக்குச் சுகமில்லை. மூச்சு இழுக்கிற பிள்ளை, ஆனாலும் சோதனை வருகிறதென்று ரியூஷனுக்குப் போயிருந்தாள். அதனால் பஸீலா தொலைபேசியைத் தட்டத்தில் போடாமல் மடியில் ஒளித்து வைத்திருந்தாள். ஸ்டெல்லா வாசித்துக்கொண்டிருக்கும்போது அது அதிர்ந்தது.

"யா அல்லாஹ்! புள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலாதாம். நான் போவணும். லாத்தாட்ட சாவியக் கேளுங்க!"

ஸ்டெல்லா நிறுத்தினாள். நாங்கள் எல்லோரும் எழும்பினோம். ஏழெட்டு மாதத்தில் முதன்முறையாக அந்த அறையில் ஒரு குரலும் இல்லை. அண்ணை கண்ணைத் திறந்தார். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, நேரே கிறிலுக்குப் போய், இரண்டு கையாலும் பிடித்து உலுப்பத் தொடங்கினார். "திறவுங்கோ! கந்தோருக்கு நேரமாச்சு! ஆர் பூட்டினது?"

நான் குசினிக்கு ஓடினேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அந்தக் காலத்துத் தொடர்மாடிகளில் வேலைக்காரருக்கென்று குசினியோடு ஒரு பின்கதவும் பின்படியும் இருக்கும். அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். வெளியிலிருந்து பூட்டியிருந்தது. தட்டத்திலிருந்து என்னுடையதை எடுத்து அக்காவின் தொலைபேசிக்கு அடித்தேன். அது ரேடியோவுக்குப் பக்கத்தில் கிடந்து ஒலித்தது.

முன்னால் ஆமைப்பூட்டு, பின்னால் பூட்டிய கதவு, நடுவில் நாங்கள் நால்வரும் அண்ணையும். பஸீலா அழுதுகொண்டே தம்பிக்கு அடித்து, பிள்ளையைப் போய்த் தூக்கச் சொன்னாள். மனேஜர் அன்ரி கிறிலுக்கூடாகக் கீழே பார்த்துக் கத்தினார். செக்யூரிட்டி ஏறி வந்து பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "யதுர நெத்த நோனா?" என்று சிங்களத்தில் சாவியைக் கேட்டான். சாவி இருந்தால் நாங்கள் ஏன் கத்துகிறோம்! கட்டர் தேடி வருகிறேன் என்று இறங்கிப் போனான். அண்ணை உலுப்பிய உலுப்பில் அவருடைய விரல் தோல் உரிந்துவிட்டது. பிடித்து இழுக்கப் போன ஸ்டெல்லாவுக்கு முழங்கையால் ஒரு இடி.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் மேசைக்கு ஓடி, விரிந்து கிடந்த பக்கத்தில் கண் பட்ட இடத்திலிருந்து உரத்து வாசித்தேன். நிறுத்தவில்லை. அண்ணையின் கை மெல்லத் தளர்ந்தது. திரும்பி வந்து, கதிரையில் இருந்து, கையைக் கோத்துக்கொண்டார். இலக்கியமும் இல்லை, சக்தியும் இல்லை. வீட்டில் ஆட்கள் இருக்கிற சத்தம் அவருக்குப் போதுமாக இருந்தது. எங்களை அக்கா தேர்ந்தெடுத்தது அதற்குத்தான்.

சிறிது நேரத்தில் பின்கதவு திறந்தது. அக்கா கையில் பேக்கரிப் பையோடு உள்ளே வந்தார். ஸ்டெல்லாவை வாசிக்க விட்டுவிட்டு நாங்கள் குசினி வாசலில் நின்றோம். பையிலிருந்து எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர், பஸீலாவின் முகத்தைப் பார்த்ததும் பையை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கிறிலைத் திறந்தார். பஸீலா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியால் ஓடினாள். பிள்ளைக்கு அன்று ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மருந்து பிடித்தார்கள், இரவு அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதை அறியும் வரைக்கும் அக்கா தண்ணி கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் நான் குப்பை போட இறங்கியபோது பின்படியில் அவரைக் கண்டேன்.

"எங்கை அக்கா போறனீங்கள்?"

"ஒரு இடமும் இல்லை. சும்மா."

"ஒவ்வொரு கிழமையுமோ?"

"ஓம். சில நாள் கடற்கரை றோட்டிலை நிப்பன். ஒருநாள் பஸ் எடுத்துக் கொள்ளுப்பிட்டி மட்டும் போய், இறங்கி, எதிர்ப்பக்கம் நிண்டு அடுத்த பஸ்ஸிலை திரும்பி வந்தனான்."

"அதுக்கு ஆரிட்டையும் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே?"

அவர் படியில் இருந்துவிட்டார். "நான் எங்கை நிக்கிறன் எண்டு அந்த நேரம் ஒருத்தருக்கும் தெரியாது, பிள்ளை. அவருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எனக்கு அது காணும். அது இல்லாட்டி நான் இந்தக் கிறிலைப் பிடிச்சு உலுப்பத் தொடங்கிடுவன்."

எனக்கு அழுகை வந்தது. நான் வெளியே வருகிறேன் என்று வந்து அடைந்துகிடந்த வீட்டிலிருந்துதான் அந்த மனுசி வெளியே போயிருக்கிறார். இரண்டு பேரும் வெளியே வருவதற்கு ஒரே புத்தகம்தான் சாட்டு. கலியாணத்துக்கு முதல் யாழ்ப்பாணத்தில் தனியாகச் சைக்கிள் ஓடித் திரிந்தவராம். அன்றைக்குத்தான் சொன்னார்.

இனி அங்கே கால் வைப்பதில்லை என்று ஸ்டெல்லா சொன்னாள். ஆனால் கோபப்பட எல்லா உரிமையும் உள்ள பஸீலா அடுத்த கிழமை வந்தாள். "எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. புள்ள முக்கியம். ஆனா, லாத்தா போற இடம் லாத்தாவோட இருக்கட்டும். எங்களுக்கு இன்னொரு சாவி தந்தாப் போதும். நாங்க வாசிக்கிற" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். மனேஜர் அன்ரிக்கு எதையும் முறைப்படி செய்தால்தான் நிம்மதி. வாட்ஸப்பில் ஒரு குழு திறந்தார். பாமன்கடைத் தங்கச்சியைச் சேர்த்தார். எப்படியோ இலக்கம் தேடிக் கனடா மகளையும் சேர்த்தார். "இவ்வளவு காலமும் அக்கா தனியக் கஷ்டப்பட்டிருக்கிறா. இனி நாங்கள் எல்லாரும் இருக்கிறம்" என்று எழுதினார். கும்பிடுகிற கைகள் வரிசையாக விழுந்தன. ஸ்டெல்லாவும் மனமிரங்கித் திரும்பி வந்தாள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்த சனிக்கிழமை அக்காவுக்கு வெளியே போக அனுமதி கிடைத்தது.

"போட்டு வாங்கோ அக்கா. ஆறுதலா வாங்கோ. எங்கை போறீங்கள்?" என்றார் மனேஜர் அன்ரி.

"சும்மா."

"மாக்கற் பக்கமோ? அப்ப எனக்கொரு பிடி வல்லாரை."

"எனக்குத் தலையிடிக்கு ஒரு பனடோல் கார்ட் எடுத்திட்டு வாங்க அக்கா" என்றாள் ஸ்டெல்லா.

அக்கா முன்கதவால் போனார். வெகு சீக்கிரம் இரண்டு பையோடு திரும்பி வந்தார். அதற்கடுத்த கிழமை தங்கச்சி வந்து நின்றார். "சனிக்கிழமையிலை நீ ஃப்ரீயாம், கோயிலுக்கு வா" என்று கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மகள் ஆள் அனுப்பி, அலுமாரிக்கு மேல் ஒரு கமெரா பூட்டுவித்தாள். பார்க்கவும் கதைக்கவும் கூடியது. நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது அலுமாரி கதைத்தது.

"ஹலோ அன்ரியாக்கள், நான் தான் மகள். இங்கை இன்னும் விடியேல்லை, அலாரம் வைச்சு எழும்பினனான். நீங்கள் வாசியுங்கோ, அப்பாவை நான் பாக்கிறன். அம்மா, நீங்கள் இனிப் பயமில்லாமல் வெளியிலை போகலாம். போனை மட்டும் கையிலை கொண்டு போங்கோ. லொகேஷன் போட்டு விடுங்கோ, என்ன?"

அக்கா செருப்புப் போட்டுக் கொண்டிருந்தார். நிமிர்ந்து அலுமாரியைப் பார்த்தார். "ஓமம்மா" என்றார். போனார். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வருவதற்கு முன்னமே அலுமாரி திரும்பவும் கதைத்தது. "அன்ரி, அம்மா ஏன் றோட்டுக்கரையிலை சும்மா நிக்கிறா? ஏதும் ஏலாமல் போச்சோ? போன் அடிச்சுக் கேளுங்கோவன்." மனேஜர் அன்ரி அடித்தார். அக்கா திரும்பி வந்துவிட்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை. அது எனக்கு நல்ல ஞாபகம், ஏனென்றால் நாங்கள் அங்கிருந்து வீடு மாறி வருவதற்கு முன் நான் போன கடைசிச் சனிக்கிழமைகளில் ஒன்று. மூன்று மணிக்கு அக்கா தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எங்களோடு மேசையில் இருந்தார். "இண்டைக்கு நானும் வாசிக்கிறன்" என்று என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார்.

முதல் வரியிலேயே தடக்கினார். "இந்த மரகதம் ஆர்?" என்று கேட்டார்.

மற்ற நேரமென்றால் சிரித்திருப்போம். பஸீலா மட்டும், "வீட்டுக்கு வந்த மருமகள் லாத்தா. வாசிங்க, விளங்கும்" என்றாள். அக்கா வாசித்தார். எங்கள் எல்லோருடையதையும் விட நல்ல குரல். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், களைக்காமல், பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டு போனார். நாங்கள் கை நீட்டினோம். கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடம் இன்னும் ஒரு மாடி உயர்ந்திருந்தது, அறைக்குள் பின்னேரத்திலேயே லைற் போட வேண்டியிருந்தது. அண்ணை கையைக் கோத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். அலுமாரிக்கு மேல் சின்னப் பச்சை வெளிச்சம் எரிந்தது.

மனேஜர் அன்ரிக்குத் தாங்கவில்லை. "காணும் அக்கா, புத்தகத்தைத் தாங்கோ. இது உங்கடை நேரமெல்லோ. நாங்கள் இருக்கிறம். நீங்கள் போட்டு வாங்கோ" என்றார்.

அக்கா வாசிப்பதை நிறுத்தினார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை.

"எங்கை?" என்று கேட்டார்.

நாங்கள் நால்வரும் நல்ல குரல்காரர்கள். ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த இடைவெளியில் அண்ணையின் கதிரை கிறீச்சிட்டது. அக்கா உடனே தலையைக் குனிந்து, விட்ட வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.